கை நனைக்கும் முன்

மங்களத்தின் சிரிப்பு விலைமதிப்பில்லாதது என்று கல்யாணமான புதிதில் மருதப்பன் சொல்லியிருந்தார். வியாபாரி வாய். உண்மையில் அதன் விலை பன்னிரண்டு சிங்கப்பூர் வெள்ளி தொண்ணூறு காசு. பாக்கெட்டுக்குப் பத்து. அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

இந்த விலை அந்த வீட்டில் யாருக்கும் வெள்ளிக்கிழமை காலைவரை தெரியாது.

தெரிந்ததெல்லாம் போன வாரத்துத் தகராறுதான். மகள் வைஷாலிக்குப் பார்த்த, இல்லை, வைஷாலியே பார்த்துவைத்த பையன் குமரன். மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினம் பைக்கில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவன். அவனுடைய அம்மா நாகம்மா போனில் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்து கை நனைச்சுட்டுப் போங்க, சம்பந்தியம்மா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வீடே கேட்டுக்கொண்டிருந்தது. மங்களம் சொன்னது இவ்வளவுதான்: "நான் வரலைங்க."

கை நனைப்பது என்றால் சும்மா சாப்பிட்டு வருவதில்லை. சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் காபி குடிக்கலாம், முறுக்குக் கடிக்கலாம். இலை போட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் கையெழுத்துப் போட்ட மாதிரி. பெண்ணைப் பெற்றவளே வரமாட்டேன் என்றால் அதற்கு ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான்.

"அவங்க மலேசியாங்கறதாலயா? அவன் பைக்ல வர்றதாலயா? ரீசன் சொல்லுங்கம்மா!" வைஷாலி கேட்டாள், கெஞ்சினாள், கத்தினாள். மங்களம் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, புக்கிட் மேரா வீட்டிலிருந்து பெற்றோரின் துணிக்கடைக்கு வரும் பஸ்ஸில் வைஷாலியின் பொறுமை தீர்ந்தது. குமரனுக்கு எழுதினாள்: 'அம்மா மனசு மாறல. ஞாயிறு வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு.' அனுப்பியும் விட்டாள். விரல் அனுப்பிய பிறகு மனம் வந்து சேரும் காலம் இது.

*

தேக்கா சந்தைக்கு எதிர்ப்பக்கம், பஃபலோ ரோட்டில், இரண்டு காய்கறிக் கடைகளுக்கு நடுவில் பிதுங்கி நிற்கிறது 'மங்களம் ரெடிமேட்ஸ்'. சேலைக்கு ரெடிமேட் பிளவுஸ். பெயருக்கு மட்டுமில்லை, தொழிலுக்கும் மங்களம்தான் முதலாளி. படியேறும் பெண்ணை ஒரு பார்வை பார்த்து, "முப்பத்தாறு, கை பதினொண்ணு" என்பாள். டேப் வைத்து அளந்தால் டேப்தான் வெட்கப்படும்.

அவளோ ஒடிசல். தராசு பெரிய மனது வைத்தால்தான் நாற்பது கிலோ காட்டும். மருதப்பனுக்கு இடுப்பு நாற்பத்து நாலு. இருவரும் கல்லாவில் நின்றால் ஒன்றும் சைபரும் பக்கத்தில் நின்று பத்தானது போலிருக்கும்.

பாலர் பள்ளி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த வைஷாலியை, மருதப்பன் பின்னறைக்கு அனுப்பினார். "முப்பத்தெட்டு மெரூன் பெட்டியை எடுத்தாம்மா."

மெரூன் பெட்டிக்கு மேலே பஃப் கை பிளவுஸ் பெட்டி இருந்தது. பஃப் கையை உலகமே மறந்து வருஷங்களாகிவிட்டன. வியாபாரிகளுக்குத் தெரியும், விற்காத சரக்கைவிடப் பத்திரமான பெட்டகம் கிடையாது. அதை நகர்த்தும்போது கவிழ்ந்தது. பிளவுஸ் விழவில்லை. வெள்ளையாய், காகிதம் போல் மெத்தென்று சில ஜட்டிகள் விழுந்தன. பெரியவர்களுக்கானவை, போட்டுவிட்டு எறிகிற டயப்பர் வகை. பிள்ளைகளோடு புழங்கும் வைஷாலிக்குத் தொட்டதுமே புரிந்தது. புரியாதது, அதன் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தது.

ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, இது யாரோடது?"

மருதப்பன் கண்ணாடியைப் போட்டார். கடுகை வரிசையாக வைத்தது போல் கைத்தையல். அந்தத் தையலை அவர் தன் சட்டைப் பொத்தான்களில் இத்தனை வருஷமாகப் பார்த்துவருகிறார்.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பதினோரு மணி இஞ்சி டீயை அவள் நிறுத்தியது. துணிப் பெட்டியைத் தூக்க அவரையே கூப்பிடுவது. அவர் ஜோக் அடிக்க வாயெடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவது. தன் சரக்கு பழசாகிவிட்டது, இவளுக்குச் சலித்துவிட்டது என்றல்லவா ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்!

"என்னோடதுதான்," என்றார்.

"உங்களோடதா?"

"ஆமா. ஏன், எனக்கெல்லாம் வரக்கூடாதா?"

வைஷாலி ஜட்டியைப் பார்த்தாள். அப்பாவின் தொந்தியைப் பார்த்தாள். "அப்பா, இது உங்க ஒரு கால்லயே ஏறாது."

"அதான் ஒரு காலுக்கு மட்டும் வாங்கினேன்."

அசலுக்குக் குறைத்து ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்காத மனுஷன், வாழ்க்கையில் முதல்முறையாக நஷ்டச் சரக்கைச் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டார். வைஷாலி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தையலைப் பார்த்தாள்.

"அம்மாவோடதா?" குரல் இறங்கியது. அப்புறம்தான் ஞாபகம் வந்து போனைப் பிடுங்கி எடுத்தாள். இரண்டு நீல டிக். குமரன் படித்துவிட்டான். கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்ட் தொடங்கினால் அவன் போன் லாக்கருக்குள் போய்விடும்.

"ஐயோ, அப்பா. நான் ஒரு பெரிய முட்டாள்தனம் பண்ணிட்டேன்."

அதைச் சொல்லி முடிக்கவும், வெண்டைக்காய்ப் பையோடு மங்களம் படியேறவும் சரியாக இருந்தது.

*

மங்களம் மகளின் கையில் இருந்ததைப் பார்த்தாள். "பழைய ஸ்டாக்கை யாரு உன்னைக் கிளறச் சொன்னது?"

"மா..."

"வைஷாலி," என்றார் மருதப்பன், "அம்மாவைக் கூட்டிட்டுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வா."

"எனக்கு டீ வேணாங்க."

"ஏன் வேணாம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, மங்களம்."

அவள் தலை நிமிராமல் பின்னறைக்குள் போனாள். வைஷாலியும் போனாள். மருதப்பன் கதவைச் சாத்திவிட்டு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார். பட்டு பிளவுஸ் கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், "உள்ள ஸ்டாக் எடுக்கிறாங்கம்மா, மதியம் வாங்க," என்றார். வந்த வாடிக்கையை அவர் திருப்பி அனுப்பியதை எதிர்க்கடைக்காரர் இன்னும் நம்பவில்லை.

உள்ளே, துணிப் பொதிமேல் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே மங்களம் பேசினாள்.

"சிரிச்சா வருது. தும்முனா வருது. பொட்டியத் தூக்குனா வருது. கொஞ்சந்தான். ஆனா அந்தக் கொஞ்சம் எப்ப வரும்னு தெரியாது பாரு."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போயி என்னன்னு சொல்ல? சிரிச்சேன் டாக்டர்னா?"

"சொன்னா என்னம்மா? லேடி டாக்டர் வேணும்னு கேக்கலாம்லா."

"போன தீபாவளிக்குப் பாலத்துல ஜாம்ல நின்னோமே, ஞாபகம் இருக்கா? நீங்கள்லாம் பாட்டுப் பாடிட்டு வந்தீங்க. நான் காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. அப்பவும்..." நிறுத்தினாள். "கை நனைக்கப் போற எடத்துல வேற எதையாவது நனைச்சு வெச்சேன்னா? அவங்க சோபாவுல? காலம் பூரா மாமியார் வீட்ல உனக்கு என்ன பேரு வரும், சொல்லு."

வைஷாலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "குமரனைப் பிடிக்கலன்னு நெனச்சேன்மா."

"குமரனையா? வர்றப்பல்லாம் செருப்பை ஜோடியா ஓரமா விடுற பிள்ளை. அவனை யாருக்குடி பிடிக்காது?"

இதை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் உடம்பின் விஷயத்தில் நம் பெண்களுக்குக் கஞ்சத்தனம் அதிகம். வலியைக்கூடச் சில்லறையாகத்தான் வெளியே எடுப்பார்கள்.

வைஷாலி ஜட்டியைத் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் 'எல்' என்று இருந்தது. "மா, உங்களுக்கு ஏன் எல்?"

"ஒரு சைஸ் பெருசா எடுக்கணும்டி. பெருசை உள்ள பிடிச்சுக்கலாம். சின்னதா எடுத்தா துணிக்கு எங்க போவே? ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீன்னும் போட்டிருந்தான். தொடைப்பக்கம் லூசா இருந்துச்சு, பிடிச்சுத் தைச்சேன். தைச்சப்புறம் முன்னைவிட ஜாஸ்தி ஒழுகுது. சரக்கு மட்டம்."

"மா! ஊசி போன ஓட்டை வழியாத்தான் ஒழுகுது!"

மங்களம் கையை நீட்டி வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். தையல் நெடுக ஊசித் துளைகள், நட்சத்திரம் மாதிரி.

"குடையைத் தைச்சு வெச்சிருக்கேன்," என்றாள் மெதுவாக.

*

இரண்டு தெரு தள்ளி ஒரு பேரங்காடியின் முதல் தளத்தில் மருந்துக்கடை. பார்மசிஸ்ட் பெயர் ஜரீனா என்று சட்டையில் இருந்தது. கருநீல முக்காடு, சுறுசுறுப்பான கண்கள்.

"யாருக்கு, ஆன்ட்டி?"

"எங்க மாமியாருக்கு," என்றாள் மங்களம் பளிச்சென்று.

மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. உயிரோடு இருந்தபோது மருமகள் அவருக்காக இப்படி அலைந்ததாக யாருக்கும் நினைவில்லை. வைஷாலி கூரை மின்விசிறியைப் பார்த்தாள்.

"அவங்க என்ன சைஸ் இருப்பாங்க?"

"என் சைஸ்தான்."

"ஓகே லா," என்றாள் ஜரீனா, முகத்தில் சலனமே இல்லாமல். "டிரஸ் சைஸை வெச்சு வாங்கக் கூடாது, ஆன்ட்டி. இடுப்பு, அப்புறம் அதுக்குக் கீழ அகலமான எடம், ரெண்டையும் அளந்து பெருசா இருக்கறதைப் பாக்கெட்ல பாக்கணும். அளவு தெரியுமா?"

"முப்பத்தஞ்சு."

"மா, அளந்து பாத்துடலாமே."

மங்களத்தின் கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். சக்கர நாற்காலிகள் அடுக்கியிருந்த மூலையில், சேலை மடிப்பை ஒதுக்கிவிட்டு, வைஷாலி டேப்பைச் சுற்றினாள். ஊரையெல்லாம் அளந்தவள், அளக்கப்படும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்தொண்ணு."

"சரியாப் பிடி."

"சரியாத்தான் பிடிச்சிருக்கேன். முப்பத்தொண்ணு."

மங்களம் குனிந்து டேப்பைப் பார்த்தாள். முப்பத்தைந்து என்பது பிள்ளை பெற்று நிமிர்ந்து நின்ற காலத்து அளவு. அதற்குப் பிறகு கண்ணாடியில் வந்து நின்றவளை வாடிக்கையாளராகவே அவள் கணக்கில் எடுக்கவில்லை.

"இளைச்சுப் போயிட்டேன் போல," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முப்பத்தொன்றுக்கு 'எம்'கூட லூஸ். 'எஸ்' தான். உறிஞ்சும் அளவைக் காட்ட இரண்டு சொட்டுப் படம் போட்ட மெல்லிய வகையில் 'எஸ்' ஒரே ஒரு பாக்கெட் இருந்தது. வைஷாலி கீழ்த் தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தாள். "இதுவும் ஃபிட் ஆகும்மா. பெரிய பிள்ளைங்களுக்கு வர்றது. எங்க பள்ளியில பிள்ளைங்களுக்கு மாத்தி விட்றப்ப..."

"நான் உன் பாலர் பள்ளிப் பிள்ளை இல்ல." குரல் கூர்மையாக வந்தது. வைஷாலி வாயை மூடினாள். மங்களம் அந்தப் பாக்கெட்டின் படத்தைப் பார்த்தாள். "ராக்கெட்டு போட்டிருக்கு. நான் ஜோகூருக்குப் போறேன்டி, நெலாவுக்கு இல்ல."

போறேன் என்றாள். வைஷாலி அதைக் கவனித்தாள். போனை எடுத்துப் பார்த்தாள், அந்த நீல டிக் இரண்டும் அப்படியே இருந்தன.

மங்களம் அதற்குள் 'எஸ்' பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆறு சொட்டுப் படம் போட்ட தடித்த ஒன்றைத் தூக்கினாள். "ஒரு வெள்ளிதான் வித்தியாசம். ரெண்டு சொட்டுக்கு ஆறு சொட்டு. இதான் லாபம்."

"ஆன்ட்டி, அது படுத்தே இருக்கிறவங்களுக்கு, ராத்திரிக்கு. உங்க மாமியார் நடமாடுறாங்களா?"

"நடமாடுறதா? கடையே நடத்துறா."

"அப்ப கொஞ்சமா வர்றதுக்கு ரெண்டு சொட்டு போதும். தடிச்சது வேர்க்கும். சேலைக்கு மேல பொதபொதன்னு தெரியும்."

"லைனிங் கனமானா பிளவுஸ் வெறைச்சு நிக்கும்," என்றாள் மங்களம் தனக்குள். "ஆமா. லைனிங்தான் இது."

அந்தச் சொல் கிடைத்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. இனி இது வியாதி இல்லை, துணி. ஜரீனா நீட்டிய மாதிரியை வாங்கினாள். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விட்டாள். தொடை ஓரத்து ஃப்ரில்லில் விரலை ஓட்டினாள். "ரெட்டை மடிப்பு. நல்லா ஒட்டும்." வெளிப்பக்கத்தை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். "காத்துப் போகுது." பிறகு கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலையில் நிரப்பிய பாட்டில், மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. ஒரு மடக்கு அளவு மாதிரியின்மேல் ஊற்றினாள். எண்ணி முடிக்குமுன் உறிஞ்சிக்கொண்டது. டிஷ்யூவை வைத்து அழுத்தினாள். டிஷ்யூ காய்ந்தே இருந்தது.

சற்று நேரம் அந்த டிஷ்யூவையே பார்த்தாள். பிறகு பாட்டிலை அண்ணாந்து, மீதித் தண்ணீரையெல்லாம் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை.

வைஷாலி திரும்பிக்கொண்டு, தேவையே இல்லாத ஒரு கால்வலித் தைலத்தை எடுத்துப் படித்தாள்.

"தண்ணியைக் குறைக்க வேணாம்னு சொல்லுங்க உங்க மாமியாரை," என்றாள் ஜரீனா. "குறைச்சா இன்னும் எரிச்சலாகும். அப்புறம் பாலிகிளினிக்ல ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. இதுக்குன்னு எக்ஸர்சைஸ் இருக்கு. நெறைய பேருக்கு நல்லாக் கொறையும். இது வயசானா வந்துதான் ஆகணும்னு விட்டுட வேணாம்."

"சொல்றேன். கடைசியா என்ன வெலை?"

"பன்னெண்டு தொண்ணூறுதான், ஆன்ட்டி. இது பார்மசி லா."

"அதனால என்ன? சாம்பிளாவது ரெண்டு போடு. பாலத்துல ஜாமாச்சுன்னா மாத்திக்க வேணாமா, அவ?"

ஜரீனா இரண்டு மாதிரியைப் பையில் போட்டாள். "உங்க மாமியாருக்கு என் சலாம் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றாள் மங்களம். "கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவா."

*

கடைக்குத் திரும்பி, பின்னறைக்குப் போய்விட்டு வந்தாள் மங்களம். சேலையின் கொசுவத்தைத் தட்டினாள், பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியில் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மருதப்பன் அவளுக்கு முக்காலியை இழுத்துப் போட்டார். இஞ்சி டீ வாங்கி வைத்திருந்தார், மூன்று கோப்பை.

அவள் ஒரு வாய் குடித்தாள்.

"மா," என்றாள் வைஷாலி, "காலைல அது யாரோடதுன்னு கேட்டதுக்கு, அப்பா தன்னோடதுன்னாரு."

மங்களம் கணவரைப் பார்த்தாள். "இவரோடதா?"

"ஒரு காலுக்கு மட்டும் வாங்கினாராம்."

"ஏன், மாட்டாதா?" மருதப்பன் ரோஷத்தோடு தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "கால்ல ஏறலைன்னா கைல கட்டிக்கிட்டுப் போறேன். மணி கேட்டா சொல்ல உதவும்."

மங்களத்துக்கு உதடு துடித்தது. பழக்கத்தில் எழுந்து உள்ளே ஓடப் பார்த்தாள். ஓரடி வைத்தவள் நின்றாள். நின்ற இடத்திலேயே வந்துவிட்டது அந்தச் சிரிப்பு. தோள் குலுங்கி, கண்ணில் நீர் முட்டி, கல்லாவைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கடை வெங்காயக்காரர் எட்டிப் பார்க்கும்படியாக ஒரு வருஷத்துப் பாக்கிச் சிரிப்பு.

முடிந்ததும் ஒரு கணம் அசையாமல் நின்று, உள்ளுக்குள் எதையோ விசாரித்தாள்.

"லைனிங் நிக்குது," என்றாள்.

மருதப்பன் டீக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஞாயித்துக்கெழம காலைலயே கெளம்பணும். குமரன் அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை வாங்கி வைங்க. அரக்கு நெறம் நல்லா இருக்கும்."

அப்போதுதான் வைஷாலியின் போன் அதிர்ந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை. குமரன் எழுதியிருந்தான்: 'அம்மாகிட்ட காலைலயே சொல்லிட்டேன். சமையல்காரரை வேணாம்னுட்டாங்க. எதுவும் பேச மாட்டேங்கறாங்க. நானும் என்ன சொல்றது?'

வைஷாலி போனை அம்மாவிடம் நீட்டினாள். காலையில் அனுப்பியதும் அதற்கு மேலேயே இருந்தது. மங்களம் இரண்டையும் நிதானமாகப் படித்தாள்.

"மா, சாரி. நான் குமரன்கிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிக்கறேன். உங்களுக்குக் காய்ச்சல்னு..."

"நீ காரணம் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்." மங்களம் டீயை வைத்தாள். "நெசம் என்கிட்டதான் இருக்கு. அவங்களும் பொம்பளதானே?"

"மங்களம், சொல்லணுமா?" என்றார் மருதப்பன்.

"பின்ன? மாமியாருக்குன்னு சொல்லவா?"

தானே எண்ணை அழுத்தினாள். இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனால் அந்தச் சின்னக் கடையில் எல்லாருக்கும் கேட்டது. மணி நெடுநேரம் அடித்தது. பிறகு எடுத்தார் நாகம்மா.

"சொல்லுங்க," என்றார்.

வெறும் சொல்லுங்க. போன வாரம் கூப்பிட்ட முறை பின்னால் இல்லை.

மங்களம் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். "நான் வரலைன்னு சொன்னதுக்குக் காரணம் உங்க வீடு இல்லைங்க. என் ஒடம்பு. கொஞ்சம் வெக்கமான விஷயம். கேப்பீங்களா?"

 நாகம்மா போனை வைத்துவிடவில்லை.

அன்றைய கணக்கு இதுதான். வரவு: அளவான லைனிங் ஒரு பாக்கெட், மாதிரி இரண்டு, முழுச் சிரிப்பு ஒன்று. செலவு: வைஷாலியின் ஒரு மெசேஜ்.

வரவேண்டிய பாக்கி: ஒரு 'சம்பந்தியம்மா'.